காட்டுக்கு நடுவே சாலை, காட்டுக்கு வெளியே வீதி

ஒரு பக்கம் மலை ஏறி, மறுபக்கம் இறங்கி, அடிவாரத்துக் காட்டில் யானை பார்த்துவிட்டு வீடு திரும்புவது. கல்யாணமான கையோடு போகிறவர்களும், பிள்ளைகள் வெளியூர் போய் மறுபடி இரண்டு பேராக மிஞ்சியவர்களும் இந்தியாவிலும் இலங்கையிலும் விரும்பிப் போகிற கார்ப் பயணம் இது. இங்கே மேட்டுப்பாளையம், ஊட்டி, முதுமலை, பந்திப்பூர். அங்கே கண்டி, நுவரெலியா, எல்ல, உடவளவை, முடிந்தால் யால. வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே பயணம்தான். மழை பிடிக்கிற சரிவில் ஏறுகிறோம். தேயிலைக்கு நடுவே குளிரில் ஓரிரு நாள். பிறகு மழை மறைவுப் பக்கமாக இறங்கினால், ஸ்வெட்டரைக் கழற்றுவதற்குள் முள்காடு வந்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868. இரண்டும் வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் கட்டிய ஊர்கள். இரண்டிலும் ஏரி உண்டு, கோல்ஃப் மைதானம் உண்டு, ஏப்ரல் பிறந்தால் கால் வைக்க இடமிராது.

ஆனால் வண்டியில் உட்கார்ந்த மாத்திரத்தில் இரண்டும் வேறு வேறு பயணங்களாகிவிடுகின்றன. முதல் வித்தியாசம், ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்பதில்.

தமிழ்நாட்டில் இது சொந்த கார்ப் பயணம். கணவர் ஓட்டுவார், மனைவி போனில் வழி பார்ப்பார், பர்லியார் தாண்டியதும் வழியைப் பற்றி ஒரு சின்னச் சண்டை வரும். (எங்கள் வீட்டில் ஓட்டுவது மனைவி. வழி தப்பிப் போகிற பொறுப்பு என்னுடையது.) இலங்கையில் இதே பயணத்தில் மூன்றாவதாக ஒருவர் இருப்பார். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டுநரோடு சேர்த்தே கார் எடுக்கிறார்கள். உள்ளூர்த் தம்பதிகளில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் உண்டு, ரயிலில் போய் இறங்கி முச்சக்கர வண்டி பிடிப்பவர்கள் உண்டு. வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்திய அரசு, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி கதவைத் திறந்தது. இடையில் 2022-இல் பெட்ரோலுக்கு க்யூ.ஆர். அட்டை வைத்து வாரப் பங்கீடு வேறு. அப்படிப்பட்ட நாட்டில் சும்மா ஊர் சுற்றிவரச் சொந்த கார் என்பது எல்லோருக்கும் வாய்க்கிற காரியம் இல்லை.

அந்த மூன்றாவது ஆளை இரண்டு ஊரும் நடத்துகிற விதம் கவனிக்கத் தக்கது. இலங்கையின் சுற்றுலா விடுதிகள் பலவற்றில் ஓட்டுநருக்கென்று தனி அறையும் சாப்பாடும் வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்தியதும் அவர் பாட்டுக்குப் பின்பக்கம் போய்விடுவார், காலையில் குளித்துச் சட்டை மடிப்போடு வந்து நிற்பார். நம் ஊரில் வாடகைக் கார் எடுத்துப் போனால் அவருக்குப் பேட்டா கொடுப்பதோடு நம் கடமை முடிந்தது. ஊட்டிக் குளிரில் சீட்டைச் சாய்த்துக் காருக்குள்ளேயே படுத்து எழுந்தவர்தான் மறுநாள் காலை கொண்டை ஊசி வளைவுகளில் நம்மை இறக்குகிறார். இதில் இலங்கைக்காரர்கள் நம்மைவிடப் பல படி மேல்.

சாலைக்கு வருவோம். இங்கே நீலகிரிக்குப் போகிறவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அரசாங்கத்திடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது: நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. சோதனைச் சாவடியில் பாஸைப் பார்ப்பார்கள், டிக்கியைத் திறந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை, இரண்டாம் கியரில் இறங்கு என்று ஒரு பலகை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்துகள் தாங்காமல் அதில் வெளியூர் வண்டிகள் இறங்கக் கூடாது, ஏறலாம் என்று வைத்துவிட்டார்கள். அதனால் 36 கிலோமீட்டரில் போய்ச்சேர வேண்டிய முதுமலைத் தெப்பக்காட்டுக்கு, கூடலூர் சுற்றி 67 கிலோமீட்டர் போகிறோம். கல்லட்டிச் சாலை பிரியும் தலைக்குந்தாவில் வண்டியைத் திருப்பி அனுப்பும்போது போலீஸ்காரரிடம் கெஞ்சிப் பார்க்காத தம்பதி குறைவு. கல்லட்டியில் பிரேக் சூடேறி நின்ற வண்டிகளைப் பார்த்தவர்கள் கெஞ்ச மாட்டார்கள்.

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா ஏறுகிற ஏ-5 வீதிக்கு இப்படி எந்தப் பாஸும் கிடையாது. எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஏறலாம், எந்தப் பக்கமும் இறங்கலாம், எங்கு வேண்டுமானாலும் ஓரம் கட்டலாம். நாங்கள் போனபோது வீதி நம் மலைச் சாலைகளைவிட நன்றாகவே இருந்தது. இறம்பொடையில் நீர்வீழ்ச்சி சாலைக்குப் பக்கத்திலேயே விழுகிறது. லபுக்கலையில் தோட்டத்துக்குள்ளேயே உட்கார வைத்துத் தேநீர் கொடுக்கிறார்கள். கார் எங்கே நின்றாலும் யாரும் விசில் ஊதுவதில்லை. தம்பதிகளுக்கு இந்தச் சுதந்திரம் பிடிக்கிறது, எனக்கும் பிடித்தது. ஆனால் இதே மலையில்தான் 2025 மே மாதம் கொத்மலைப் பக்கம் கதிர்காமத்திலிருந்து வந்த பயணிகள் பஸ் பள்ளத்தில் உருண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விடிகாலையில், கொள்ளளவைவிட அதிக ஆட்களோடு வந்த வண்டி. மலைச் சாலையில் கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு நாட்டிலும் பதில் பள்ளத்தில் கிடக்கிறது.

காட்டில் நிலைமை அப்படியே தலைகீழ். அதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் சுவாரசியமான இடம்.

முதுமலையிலும் பந்திப்பூரிலும் தேசிய நெடுஞ்சாலை புலிகள் காப்பகத்தின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. மைசூருக்கு வெங்காயம் வாங்கப் போகிறவரும் காட்டு யானையைப் பார்த்துவிடலாம், காசு செலவில்லை. அதற்கு விலையாகச் சாலையே ஒழுங்குக்குள் வந்துவிட்டது. ராத்திரி 9 மணிக்குக் கதவு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். பந்திப்பூரில் இந்தத் தடையை நீக்கச் சொல்லி கேரளத்துப் பக்கமிருந்து எத்தனையோ போராட்டம் நடந்தும் நீதிமன்றத்தில் தடையே நிற்கிறது. நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் யானையைப் படமெடுக்க இறங்கிய ஒருவரை அது துரத்தி மிதித்தது. உயிர் பிழைத்தவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது. ஊரெல்லாம் அந்த வீடியோ ஓடியது. அபராதம் நியாயம்தானே என்று பேசிக்கொண்டார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் என்றால் யானையைத்தான் திட்டியிருப்பார்கள்.

சாலையில் இப்படிக் கெட்டியாக இருக்கிற நம் வனத்துறை, காட்டுக்குள் கூட்டிப்போவதில் கஞ்சத்தனம் காட்டுகிறது. சொந்த வண்டிக்கு உள்ளே அனுமதி கிடையாது. தெப்பக்காட்டில் டிக்கெட் வாங்கினால் பெரும்பாலும் துறையின் வண்டியில் ஒரு சீட்டுதான். முன் சீட்டில் ஒரு குழந்தை சிப்ஸ் கேட்டு அழும், பின்னால் நான்கு நண்பர்கள் 'புலி எங்க சார்?' என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் புள்ளிமானும் மயிலும் காட்டி இறக்கிவிடுவார்கள். கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தது ஒன்றே அந்தச் சவாரியில் தனிமை. மசினகுடியில் தனியார் ஜீப்காரர்கள் சஃபாரி என்று கூப்பிடுவார்கள். அவர்களுக்கும் காப்பகத்துக்குள் அனுமதி இல்லை, பொதுச்சாலையில் சுற்றிக் காட்டுவதோடு சரி.

உடவளவையிலும் யாலவிலும் பொது வீதி பெரும்பாலும் பூங்காவுக்கு வெளியே ஓரமாகப் போய்விடுகிறது. காடு வேலிக்குள், வாசலுக்குப் பின்னால். ஆனால் வாசலில் காசைக் கட்டிவிட்டால் காடு நம்முடையது. இரண்டே பேருக்கு ஒரு ஜீப் கிடைக்கும். பக்கம் திறந்த, உயர்ந்த இருக்கைகள் வைத்த வண்டி, விடியும் முன்பே வாசலில் வரிசை கட்டும். அரை நாளோ முழு நாளோ, நம் விருப்பம். நின்று பார்க்கலாம், ஒரு குளக்கரையில் இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உட்காரலாம். யாலவில் ஜீப்பை விட்டு இறங்க அனுமதிக்கும் அபூர்வமான இடம் பட்டனங்கல கடற்கரை. 2004 சுனாமியில் அங்கே இறந்தவர்களுக்கு அலை வடிவில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. அதன் பக்கத்து நிழலில் காலைச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, கடலையும் காட்டையும் ஒருசேரப் பார்த்துச் சாப்பிடலாம். முதுமலையில் எந்தத் தம்பதிக்கும் இது வாய்க்காது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரரைப் போல் பல மடங்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவும் வெளிநாட்டவரிடம் அப்படித்தான் வாங்குகிறது, யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

இலங்கையில் புலி இல்லாததால் சிறுத்தைதான் அங்கே ராஜா. பயப்பட ஆளில்லாத மிருகம் என்பதால் பட்டப்பகலில் பாறைமேல் படுத்திருக்கும், சாலையில் நடந்து வரும். அதுவே வினையாகிவிட்டது. ஒரு ஜீப்காரர் கண்ணில் பட்டதும் போன் பறக்கும். பத்து நிமிடத்தில் யாலவின் முதல் வட்டாரத்து மண்பாதையில் முட்டி மோதிக்கொண்டு ஜீப்புகள் நிற்கும், புழுதியில் சிறுத்தையும் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் முகமும் தெரியாது. இரண்டு பேருக்கு ஒரு ஜீப் என்ற சொகுசின் கணக்கு அங்கே வந்து நேராகிறது. நம் பஸ்ஸில் இருபது பேர் ஒரு புகைபோக்கியோடு போகிறோம். அங்கே அந்த இருபது பேருக்குப் பத்து ஜீப்.

வேலிக்கு வெளியே இன்னொரு கூத்து. உடவளவை நீர்த்தேக்கக் கரையோரம் மின்வேலிக்கு அந்தப் பக்கம் யானைகள் வந்து நிற்கும், இந்தப் பக்கம் பழக்கடைகள். வாங்கி வாங்கி நீட்டுகிறார்கள். புத்தலயிலிருந்து கதிர்காமம் போகும் வீதியில் வேலியும் இல்லை. யானைகள் நடுரோட்டில் வந்து வண்டியை மறித்து ஜன்னலுக்குள் துதிக்கையை விடுகின்றன. எங்கள் ஓட்டுநர் தலவாக்கலைத் தோட்டத்தில் பிறந்தவர். தூரத்தில் ஒரு யானை தெரிந்ததுமே கண்ணாடியை ஏற்றிவிட்டு, 'கதிர்காமம் போறவங்க குடுத்துப் பழக்கிட்டாங்க சேர், இப்ப அதுங்க வசூல் பண்ணுதுங்க' என்றார். அவர் வாழைப்பழம் எதுவும் வைத்திருக்கவில்லை, எங்களையும் வாங்க விடவில்லை. முன்னால் நின்ற வேன்காரர்கள் மட்டும் ஒரு சீப்பைத் தூக்கிப் போட்டுத் தப்பினார்கள். பந்திப்பூரில் இப்படிச் செய்தால் அடுத்த சாவடியில் ரசீதோடு ஆள் நிற்பார்.

யானையை வைத்தே இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெப்பக்காடு முகாமில் மாலையில் கேழ்வரகுக் களியையும் கொள்ளையும் உருட்டி, பாகன் கையாலேயே வாயில் திணிப்பார்கள். இந்த முகாமில் எடுத்து ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்துக்குப் பிறகு கூட்டம் அலைமோதுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த யானைகள் காடு திரும்பப் போவதில்லை. உடவளவையில் 1995-இல் தொடங்கிய யானைக் குட்டிகள் இல்லத்தில், தாயை இழந்த குட்டிகளுக்குக் குழாய் வழியாகப் பால் ஊற்றுகிறார்கள். ஓடி வந்து, இடித்துத் தள்ளி, குடித்துவிட்டுப் போகும். நாம் தூரத்து மேடையில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. மனித வாடை பழகக் கூடாது, வளர்ந்ததும் காட்டில் விட வேண்டும், அதனால்தான். பழக்கடைக்குச் சில கிலோமீட்டர் தள்ளியே இவ்வளவு தெளிவான ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

நுவரெலியாப் பக்கத்து ஹோர்டன் சமவெளியிலும் இதே தெளிவு உண்டு. காலை 6 மணிக்கு வாசல் திறக்கும். நம் காரிலேயே உள்ளே போய் நிறுத்தலாம், பிறகு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம் நடைதான். வாசலில் ஊழியர்கள் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய லேபிளை உரித்து எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். பிஸ்கட்டைப் பிரித்துக் காகிதத்தில் போட்டுத் தருவார்கள். 'உலக முடிவு' என்கிற விளிம்புக்கு ஒன்பதரை மணிக்குள் போய்ச் சேராவிட்டால் பனிமூட்டம் மூடிவிடும். அங்கே புல்வெளியும் குட்டை மரச் சோலையும் சிவப்பு ரோடோடென்ட்ரானும் அப்படியே நம் நீலகிரி உச்சி. ஆனால் நீலகிரியில் அந்தக் காடு மிஞ்சியிருக்கும் முக்குருத்தியில் சாதாரணப் பயணி எளிதில் நுழைய முடியாது. நமக்கென்று வைத்திருப்பது தொட்டபெட்டா. கார் உச்சி வரைக்கும் போகும், மேலே மிளகாய் பஜ்ஜி கிடைக்கும்.

இரண்டு மலைகளிலும் காதில் விழுவது ஒரே தமிழ். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்த 1968-இல் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. முதுமலைக்குச் சுற்றிப் போகிற அந்த 67 கிலோமீட்டரில் நடுவட்டத்திலோ கூடலூரிலோ டீக்கு நிறுத்தினால், கண்டியைப் பற்றிப் பேச யாராவது ஒருவர் இருப்பார்.

இரண்டு பேராகப் போகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டால் என் பதில் இது. தனிமைக்கும் நிதானத்துக்கும் இலங்கை, அதிலும் யாலவைவிட உடவளவை. மிருகத்துக்கு நல்லது எது என்று கேட்டால் முதுமலைச் சாலையின் கெடுபிடி. தமிழ்நாட்டு வனத்துறை தெப்பக்காட்டில் இரண்டு பேர், நான்கு பேர் போகும் சின்ன வண்டிகளை, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, கூடுதல் நேரத்துக்கு விடலாம். இலங்கையின் வனசீவராசிகள் திணைக்களம் புத்தல வீதியில் பழம் நீட்டுகிறவர்களுக்கு ரசீது எழுதத் தொடங்கலாம். அதுவரை அந்த வீதியில் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கையில் இருக்கும் பழத்தை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.