கையொப்பமில்லாத மணமகள்

இலங்கையில் ஒரு முஸ்லிம் திருமணம் பதிவாகும்போது மணமகன் ஒப்பமிடுகிறார். மணமகளின் வலீயாக, அதாவது பாதுகாவலராக, வரும் தந்தையோ சகோதரனோ ஒப்பமிடுகிறார். நிகாஹ் நடத்திவைத்தவரும் ஒப்பமிடுகிறார். மணமகள் ஒப்பமிட வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. அவள் சம்மதித்தாளா என்பதற்கு அவள் கைப்பட எந்தச் சான்றும் அந்தப் பதிவில் இருக்காது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி அந்நாட்டு முஸ்லிம்களிடையே பல பத்தாண்டுகளாக நடக்கும் வாதத்தை இந்த ஒரு குறையிலிருந்து எடைபோடத் தொடங்கலாம். இவ்வளவு எளிய திருத்தத்தைக்கூட ஒரு சமூகம் தானாகச் செய்துகொள்ள முடியாமல் போனதற்குக் காரணம் மார்க்கத்தில் இல்லை. யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று வகுத்துவைத்த வழக்கத்தில் இருக்கிறது.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். திருமணத்திற்குக் குறைந்தபட்ச வயது என்று எதையும் அது விதிக்கவில்லை. பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுமியின் திருமணத்தைப் பதிவு செய்யக் காதியின், அதாவது முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிப்பவரின், அனுமதி வேண்டும் என்று மட்டும் 23ஆம் பிரிவு சொல்கிறது. 1995இல் நாட்டின் பொதுத் திருமண வயது 18 ஆக உயர்ந்தபோது முஸ்லிம் சிறுமிகள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அதே ஆண்டில் தண்டனைச் சட்டக் கோவையும் திருத்தப்பட்டது. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்ணுடன் அவள் சம்மதத்தோடு உறவுகொண்டாலும் அது வன்புணர்வு என்று 363ஆம் பிரிவு கூறியது. ஆனால் அவள் பன்னிரண்டு வயதைக் கடந்த மனைவியாக இருந்தால் விலக்கு உண்டு என்றும் சேர்த்துக்கொண்டது. மற்றச் சமூகங்களின் திருமண வயது உயர்ந்துவிட்டதால், நடைமுறையில் இந்த விலக்கு யாருடைய பிள்ளைகள்மீது விழுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கணவன் காரணம் கூறாமல் தலாக் சொல்லலாம். காதிக்கு அறிவித்து, இணக்க முயற்சிகளுக்கான கால இடைவெளிகளைக் கடந்தால் போதும். மனைவி பஸ்ஹு எனப்படும் விவாகரத்தைக் கேட்டால் கணவனின் குற்றத்தைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். விசாரிக்கும் காதி ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவருக்குச் சட்டப் படிப்பு கட்டாயமில்லை. கணவன் இரண்டாம் திருமணம் செய்ய முப்பது நாள்களுக்கு முன் அறிவித்தல் கொடுத்தால் போதும். முதல் மனைவி சம்மதிக்கத் தேவையில்லை. இரண்டு வீடுகளைத் தாங்க அவனுக்கு வசதி இருக்கிறதா என்று யாரும் விசாரிப்பதுமில்லை.

இத்தனையையும் ஷரீஆ என்று சொல்லித்தான் திருத்தத்தை எதிர்த்தார்கள். மார்க்க அறிஞர் சபையான அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமாவும் அதன் வழி நின்றவர்களும் நெடுங்காலம் முன்வைத்த தலையாய வாதம் இதுதான்: இறைவனின் சட்டத்தில் மனிதர் கைவைக்கக் கூடாது. நம்பிக்கையாளர் ஒருவர் இதை மனமார நம்பிச் சொல்லும்போது மதிப்போடு எதிர்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இச்சட்டத்தின் பிறப்பைப் பார்த்தால் வாதம் நிற்கவில்லை. பத்தாவியாவிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுவந்த ஒரு தொகுப்பை அடிப்படையாக வைத்து 1806இல் ஆங்கிலேயர் இலங்கை முஸ்லிம்களுக்கான சட்டத்தை வெளியிட்டார்கள். 1929இல் அதன் இடத்தில் ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. 1951இல் நாடாளுமன்றம் இயற்றியது அதன் தொடர்ச்சி. இறைச்சட்டம் எனப்படும் இதே சட்டம், மணமகன் தரப்புக்குப் பெண் வீட்டார் கொடுக்கும் கைக்கூலியையும் ஏற்றுக்கொண்டு, அதைத் திரும்பப் பெறும் வழக்குக்கும் வகைசெய்கிறது. கைக்கூலிக்கு எந்த மத்ஹபில், எந்தச் சட்ட மரபில், ஆதாரம் உண்டு? குர்ஆன் கட்டளையிடுவது ஆண் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரை. ஊர் வழக்கத்தைச் சட்டத்துக்குள் அனுமதித்துவிட்டு, பெண்ணின் கையொப்பத்தை மட்டும் மார்க்கத்தின் பெயரால் வாசலில் நிறுத்துவது எந்த நேர்மையில் சேரும்?

ஃபிக்ஹு என்னும் இஸ்லாமியச் சட்டவியல் மரபுக்குள்ளேயே நின்று கேட்டாலும் விடை திருத்தத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஹனபி மத்ஹபின்படி வயதுவந்த பெண் வலீ இல்லாமலும் மணந்துகொள்ளலாம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபு வலீயைக் கட்டாயமாக்குகிறது, உண்மை. ஆனால் வலீ இருக்கட்டும், மணமகளும் ஒப்பமிடட்டும் என்பதுதான் பெண்களில் பலர் கேட்டது. தன் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்துவைத்த திருமணத்தைப் பற்றி கன்ஸா பின்த் கிதாம் முறையிட்டபோது நபிகள் அத்திருமணத்தை ரத்து செய்ததாக புகாரி தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அந்த முறையீட்டை இன்று ஒரு பெண் காதியிடம் கொண்டுபோனால், சம்மதித்தாயா இல்லையா என்பதற்குக் காட்ட ஒரு ஒப்பம்கூட இருக்காது.

முஸ்லிம் நாடுகளின் அனுபவமும் நம் முன் கிடக்கிறது. துனீசியா 1956இலேயே பலதார மணத்தைத் தடைசெய்தது. பாகிஸ்தானின் 1961ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் இரண்டாம் திருமணத்துக்கு முன் அனுமதி பெறவேண்டும் என்றது. இந்தோனேசியாவின் மத நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். மலேசியா 2010இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண்களை நியமித்தது. இந்த நாடுகளெல்லாம் இஸ்லாத்தை விட்டு வெளியேறிவிட்டன என்று எந்த ஆலிமும் சொல்ல மாட்டார்.

வயது விஷயத்தில் எதிர்த்தரப்பில் நிதானமாகப் பேசுபவர்கள் முன்வைத்த வழி ஒன்று உண்டு. பொது வயது 18, விசேட சூழ்நிலையில் காதியின் அனுமதியோடு பதினாறு. கேட்பதற்கு இதமாக இருக்கும் இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. மொரோக்கோ 2004இல் இதைத்தான் செய்தது: வயது 18, நீதிபதி அனுமதித்தால் அதற்குக் குறைவு. நீதிபதிகள் பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு அனுமதி வழங்கிக்கொண்டே போனார்கள். ஏழைத் தந்தையின் கண்ணீருக்கு முன்னால் எந்த நீதிபதியும் விதிவிலக்கை மறுக்கச் சிரமப்படுவார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை, ஆனால் அதற்கு விலை கொடுப்பது பிள்ளை.

புத்தளத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தின் முகாம்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். வறுமையும் பாதுகாப்பின்மையும் நெருக்கிய அந்தக் குடிசைகளில், பெண்பிள்ளையை விரைவில் ஒருவன் கையில் ஒப்படைப்பதே அவளுக்குக் காப்பு என்று பெற்றோர் எண்ணினார்கள். அந்த எண்ணத்தின் முடிவைக் கண்ணால் கண்டவர்கள் என்பதால்தான் புத்தளத்துப் பெண்கள் இச்சட்டத்துக்கு எதிரான குரல்களில் உறுதியானவர்களாக எழுந்தார்கள். மேலைநாட்டுப் பணத்துக்காகப் பேசுகிறார்கள் என்று அவர்களைப் பழித்தது பெரும் அநியாயம்.

யார் பேசலாம் என்ற, வாதத்தின் இன்னொரு பாதி இங்கே தொடங்குகிறது. இச்சட்டத்தின் திருத்தம் பற்றி ஆராய 2009இல் நீதியமைச்சர் மிலிந்த மொரகொட நியமித்த குழு, நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் கூடியது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் குழு ஒரே குரலில் பேசவில்லை. முக்கியமான கேள்விகளில் இரண்டாகப் பிரிந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது? பாதிக்கப்பட்ட பெண்கள் முகத்தை மறைத்துக்கொண்டுதான் ஊடகங்களிடம் பேச முடிந்தது. பேசியவர்களை மார்க்கத்தின் எதிரிகள் என்றார்கள்.

இவ்வாதத்துக்குச் சற்று வெளியே நிற்கும் ஒரு நிகழ்வு அந்தச் சூழலை நன்றாகக் காட்டும். பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அத்தொழிலில் உள்ள பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று 2012இல் ஒரு வானொலிப் பேட்டியில் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் சொன்னார். அக்கருத்தை மறுக்க ஆயிரம் நியாயமான வழிகள் இருந்தன. ஏறாவூரில் அவர் குடும்பத்தினர் நடத்திய கல்வி நிலையம் தாக்கப்பட்டது, மிரட்டல்கள் தொடர்ந்தன, அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 2015இல் அவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டதாகப் பொய்ச் செய்தியைச் சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். ஒரு கருத்துக்கு இதுதான் பதில் என்றால், தன் பதினைந்து வயது மகளின் திருமணத்தைப் பற்றிப் பேச எந்தத் தாய்க்குத் துணிவு வரும்?

ஆனால் அரசும் எந்த வகையிலும் முஸ்லிம்களின் காவலனாக இருக்கவில்லை. மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்தார்கள். அவருடைய ‘நவரசம்’ தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறதாம். பயங்கரவாதத்தையே கண்டிக்கும் கவிதைகள் அதில் இருப்பது தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் புலப்படும். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. முஸ்லிம்கள்மீது வன்முறை நடந்த அளுத்கமவும் திகனவும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் எரிந்த கடைகளும், கொரோனாக் காலத்தில் கட்டாயமாக எரிக்கப்பட்ட ஜனாஸாக்களும், அதாவது முஸ்லிம்களின் உடல்களும், ஒரே வரிசையில் வருகின்றன. இப்படிச் சுற்றி வளைக்கப்பட்ட சமூகம், நம் குறையை இப்போது பொதுவெளியில் பேசினால் எதிரி அதை ஆயுதமாக்குவான் என்று அஞ்சியது. திருத்தத்தை எதிர்த்தவர்களின் வாதங்களில் உண்மையான கனம் உள்ளது இது ஒன்றுதான். அந்த அச்சம் பிறகு மெய்யாகவும் ஆயிற்று. ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்ற ஜனாதிபதிச் செயலணி 2021 ஒக்டோபரில் அமைந்தபோது, முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சுகளால் அறியப்பட்ட கலகொட அத்தே ஞானசார தேரரே அதன் தலைவரானார். இத்தனைக்கும், மணமான பெண் கணவனின் ஒப்புதலின்றித் தன் அசையாச் சொத்தை விற்க முடியாது என்னும் யாழ்ப்பாணத் தேசவழமையும் தனியார் சட்டம்தான். பேரினவாத மேடைகளில் அதைப் பற்றி யாரும் தொண்டை கிழியக் கத்தியதில்லை.

அந்த அச்சத்தைப் புரிந்துகொள்கிறேன். அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு தவறு. 2009க்கும் 2018க்கும் இடையில் கதவைத் திறந்து தன் பெண்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால், சட்டத்தைத் திருத்தியது சமூகம் என்று இருந்திருக்கும். குண்டு வெடித்த பிறகு, நாடே சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய வேளையில்தான் முஸ்லிம் அரசியல் தலைவர்கள் 18 வயதுக்கு அவசரமாக இணங்கினார்கள். 2021இல் அமைச்சரவை பலதார மணத்தையும் காதி நீதிமன்றங்களையும் ஒருசேர ஒழிக்கப்போவதாக அறிவித்தது. சொந்தப் பெண்களைப் பேசவிடாத மௌனம் சமூகத்தைக் காக்கவில்லை, பேசும் உரிமையை அமைச்சரவைக்குக் கைமாற்றிக் கொடுத்தது. 2024 முடியும்வரை அந்த அறிவிப்பும் சட்டமாகவில்லை.

காதி நீதிமன்றங்களை அடியோடு ஒழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வழக்கறிஞர் இல்லாமல், பெரிய செலவில்லாமல், தன் மொழியிலேயே ஒரு பெண் முறையிடக்கூடிய இடம் அது. ஜீவனாம்சத்துக்காக மாவட்ட நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்க அக்கரைப்பற்றிலோ புத்தளத்திலோ இருக்கும் ஏழைப் பெண்ணால் முடியாது. இன்றுள்ள காதிகளில் பலருக்கு அலுவலகமில்லை, உரிய ஊதியமில்லை, பயிற்சியில்லை. இந்தச் சீர்கேட்டை ஒழிப்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்வதைவிடச் சீர்செய்வதற்கான கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டம் படித்தவர்கள், அவர்களில் பெண்களும், முழுநேர ஊதியத்தோடு நியமிக்கப்படட்டும். விவாகரத்துக் கேட்கும் வழி இருபாலாருக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். பலதார மணத்தில் முழுத் தடையே என் விருப்பம். அதற்குச் சமூகம் இப்போது இணங்காவிட்டால், முதல் மனைவியின் சம்மதமும் நீதிமன்ற விசாரணையும் இன்றி ஒரு படியும் நகரக் கூடாது.

வயதிலும் கையொப்பத்திலும் பேரத்துக்கு இடமில்லை. பதினெட்டு, விலக்கின்றி. மணமகளின் ஒப்பம், விலக்கின்றி. இவற்றைச் சட்டமாக்கும் நாளிலேயே தண்டனைச் சட்டக் கோவையின் 363ஆம் பிரிவின் விதிவிலக்கையும் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பதியாமல் நடக்கும் நிகாஹ்களுக்குள் சிறுமிகள் ஒளிக்கப்படுவார்கள். பதிவு செய்யாததால் மட்டும் ஒரு முஸ்லிம் திருமணம் செல்லாததாகிவிடாது என்று விவாகச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுவதால் அந்த வழி இன்றும் திறந்தே கிடக்கிறது. முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்று அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை காத்து நிற்பதால், எந்தச் சிறுமியும் இச்சட்டத்தை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து வெல்லவும் முடியாது. அவளுக்கிருக்கும் ஒரே வழி நாடாளுமன்றம். அங்கே அவளுக்காகப் பேச வேண்டிய முஸ்லிம் உறுப்பினர்கள், ஜம்இய்யாவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.