வீட்டு வன்முறை: எண்கள் எதை அளக்கின்றன?

ஒரு கருவியைக் கையில் எடுக்குமுன் அது எதை அளக்கிறது என்று கேட்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நாம் சொல்லும் முதல் பாடம் இது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) அறிக்கையில் வீட்டு வன்முறை பற்றிய இயலைப் படிப்பவர்களுக்கும் இப்பாடம் தேவைப்படுகிறது.

18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில், கணவரால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ என்றேனும் உள்ளானவர்கள் இந்தியாவில் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. கல்வியில் முன்நிற்கும் நமக்கு இது தலைகுனிவே. ஆயினும் இவ்வெண் நடந்தவற்றின் அளவன்று, சொல்லப்பட்டவற்றின் அளவு.

ஆய்வின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவோம். ‘வன்முறை உண்டா?’ என்று பொதுப்படக் கேட்காமல், அறைந்தாரா, தள்ளினாரா, உதைத்தாரா, விருப்பமின்றி உறவுக்கு வற்புறுத்தினாரா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்கிறார்கள். தேர்ந்தெடுத்த வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம், தனிமையில்தான் கேட்கிறார்கள். தனிமை கிடைக்காவிடில் இக்கேள்விகள் விடப்படும். பெண்ணின் பாதுகாப்புக்கான விதி இது, குறைகூற இடமில்லை.

ஆனால் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டை எண்ணிப் பாருங்கள். கூடத்திலேயே தறி. கணவர் தறியில் அமர்ந்திருக்க, மனைவி அருகிலிருந்து தார் சுற்றுகிறார். கோர்வைச் சேலையாயின் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கையும் வேண்டும். வீடே தொழிற்கூடம். தறி ஓடும்போது பேச்சு கேட்காது. தறி நின்றால் எல்லாம் கேட்கும். இத்தகைய வீட்டில் ‘இல்லை’ என்ற விடைக்கு இரு பொருள் உண்டு: நடக்கவில்லை என்பது ஒன்று, சொல்ல இயலவில்லை என்பது மற்றொன்று. வன்முறைக்கு உள்ளானவர்களில் 77 விழுக்காட்டினர் எவரிடமும் சொல்லவுமில்லை, உதவி தேடவுமில்லை என்று அறிக்கையே கூறுகிறது.

அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2015–16இல் 20.6 ஆக இருந்த விழுக்காடு, அடுத்த சுற்றில் 44.4 ஆயிற்று. சில ஆண்டுகளில் கணவர்களின் குணம் இரு மடங்கு கெட்டுவிட்டதா? கேட்ட முறையோ சொல்லும் துணிவோ மாறியிருக்கலாம் அல்லவா? மாநிலத் தகவல் ஏடு இரண்டு எண்களையும் அருகருகே தந்துவிட்டு நின்றுவிடுகிறது. பிழை எல்லை கூறாத அளவீட்டை நம் ஆய்வுக்கூடத்தில் ஏற்போமா?

அடுத்து, இடர்க்காரணிகள். அடிக்கடி குடித்து வெறியேறும் கணவர்களின் மனைவியரில் 70 விழுக்காட்டினர் வன்முறைக்கு உள்ளானவர்கள். குடிக்காதவர்களின் மனைவியரில் 23 விழுக்காட்டினர். வேறுபாடு பெரிது. ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். 100 குடும்பங்களில் 80 கணவர்கள் குடிக்காதவர்கள், 5 பேர் அடிக்கடி வெறியேறுபவர்கள் எனக் கொள்வோம். முதற்பிரிவில் பாதிக்கப்பட்ட பெண்கள் 18 பேர். இரண்டாவதில் 3 அல்லது 4 பேர். மதுவை ஒழித்தால் வன்முறை ஒழியும் என்பார்க்கு இக்கணக்கே விடை. குடி இடரை மிகுவிக்கிறது. அதுவே முழுக் காரணம் அன்று. தன் தாய் தந்தையிடம் அடிபட்டதைக் கண்டு வளர்ந்த பெண்களும் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறார்கள். ‘குடும்பம் என்றால் அப்படித்தான்’ என்ற எண்ணம் மதுக்கடையில் விற்கப்படுவதில்லையே!

பாலியல் நலத்துக்கு வருவோம். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். ‘ஒழுக்கம் தவறியோர் நோய்’ என்றே பலரும் அதைப் பேசினர். மூன்றாம் குடும்பநல ஆய்வின் (2005–06) தரவுகளைக் கொண்டு 2008இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை இப்பேச்சுக்கு மறுப்பு. ஆராயப்பட்ட மணமான பெண்கள் 28,139 பேர். வன்முறைக்கு உள்ளாகாதவர்களில் தொற்று 0.19 விழுக்காடு, உடல், பாலியல் வன்முறை இரண்டுக்கும் உள்ளானவர்களில் 0.73 விழுக்காடு.

இங்கும் ஐயம் கொள்வது நம் கடமை. இரண்டுக்கும் உள்ளானவர்கள் 7.68 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 2,160 பேர். அவர்களில் தொற்றுடையோர் சுமார் 16 பேர்தாம். எண்ணிக்கைப் பிழை அதன் வர்க்கமூலம், அதாவது 4. பன்னிரண்டே பேர் என்று குறைத்துக் கொண்டாலும் 0.55 விழுக்காடு வருகிறது, 0.19ஐ விட வெகு தொலைவு. தொடர்பு உண்மை என்றே கொள்ளலாம்.

உடல் வன்முறை மட்டும் நேர்ந்தவர்களிடம் இத்தகைய தெளிவான தொடர்பு காணப்படவில்லை என்பதையும் அக்கட்டுரை மறைக்கவில்லை. ‘வேண்டாம்’ என்று மறுக்கவும், ஆணுறை அணியச் சொல்லவும் இயலாத நிலையே தொற்றுக்கு வழி என எண்ண இது இடம் தருகிறது. ஆனால் எது முன், எது பின் என்பதை ஒருமுறை எடுத்த நிழற்படம் சொல்லாது. இது அம்முறையின் எல்லை.

ஆகவே 38.1ஐக் குறைந்தபட்ச அளவாகவே கொள்ள வேண்டும். மீதியை யார் கேட்பது? பால்வினைத் தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்ணிடம் வன்முறை பற்றித் தனிமையில் விசாரிக்கலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. பாலியல் கொடுமையையும் உள்ளடக்கிய வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. 181 என்ற உதவி எண்ணும் உண்டு. கணவரை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, மருத்துவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாரானால், கூடத்தில் தறி இருக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் விடை சொல்ல ஓரிடம் கிடைக்கும்.