நாலாம் நாள் சூரியன்

முதல் நாள் வெளிச்சம் வருகிறது. சூரியன் வருவது நாலாம் நாள். அப்படியானால் நடுவில் இருந்த மூன்று நாளைக்கு எது பகல், எது இரவு? விவிலியத்தின் முதல் பக்கத்தைப் பற்றித் தமிழில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பகுத்தறிவு மேடையில் கேட்டால் கைதட்டல் கிடைக்கும். ஜெபக்கூடத்தில் கேட்டால், "ஆண்டவருக்கு எதுக்கு தம்பி சூரியன்? அவரே வெளிச்சம்தானே" என்று பதில் கிடைக்கும். மேடையும் ஜெபக்கூடமும் எதிரெதிர் என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டு பேரும் அந்த அதிகாரத்தை ஒரே மாதிரிதான் வாசிக்கிறார்கள்: போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த புகார் போல. ஒருவர் புகார் உண்மை என்கிறார், இன்னொருவர் பொய்ப் புகார் என்கிறார். இது புகார்தானா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தச் சண்டையைப் பார்க்க குமணன்சாவடி தோதான இடம். கரையான்சாவடி, குமணன்சாவடி, வேலப்பன்சாவடி என்று வழிப்போக்கர் தங்கிய சாவடிகளின் பெயர்கள் டிரங்க் ரோட்டில் இன்னும் மிச்சமிருக்கின்றன. மேலே இப்போது மெட்ரோ பாலம் ஓடுகிறது. கடைகளுக்கு மேல் மாடியில் ஜெபக்கூடங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீபோர்டு சத்தம் ரோடு வரை கேட்கும். பக்கத்திலேயே பூந்தமல்லியில், கத்தோலிக்கக் குருமாணவர்கள் படிக்கும் திரு இருதயக் குருத்துவக் கல்லூரி. மாடியில், ஆறு நாள் என்றால் ஆறு நாளேதான். கத்தோலிக்கக் குருமாணவருக்கோ, படைப்புக் கதை எந்த இலக்கிய வகை, எந்தக் காலத்தில் யாருக்காக எழுதப்பட்டது என்பதே பாடம். 1943இல் போப் பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல் அப்படி வாசிக்கச் சொன்னது. ஒரே ரோடு, ஒரே அதிகாரம், இரண்டு வாசிப்பு. இவர்கள் ஒருவரோடு ஒருவர் இதைப் பேசிக்கொள்வதே கிடையாது.

பேச வேண்டாம், கையில் இருக்கும் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். சி.எஸ்.ஐ. வீட்டிலும் பெந்தெகொஸ்தே வீட்டிலும் இருப்பது, ஹென்றி பவர் குழுவின் உழைப்பில் உருவாகி 1871இல் நிறைவடைந்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது. கத்தோலிக்க வீட்டில் இருப்பது 1995இல் வெளிவந்த திருவிவிலியம். முதல் புத்தகத்தின் பெயரே வேறு: அங்கே ஆதியாகமம், இங்கே தொடக்கநூல். அங்கே தேவன், இங்கே கடவுள். அங்கே சிருஷ்டி, இங்கே படைப்பு. தனித்தமிழ் இயக்கத்துக்கு முன்னும் பின்னும் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பெரிய வித்தியாசம் சொற்களில் இல்லை, இலக்கணத்தில் இருக்கிறது.

பழைய மொழிபெயர்ப்பின் முதல் வாக்கியம் 'சிருஷ்டித்தார்' என்ற வினைமுற்றில் முடிகிறது. அதாவது வேலை நடந்துவிட்டது. ஒன்றுமில்லாமையிலிருந்து வானமும் பூமியும் வந்துவிட்டன. திருவிவிலியத்தில் அதே இடத்தில் 'படைத்தபொழுது' என்று இருக்கிறது. வாக்கியம் முடியவில்லை. வாசகர் அடுத்த வரிக்குப் போனால், கடவுள் படைக்கும் அந்த நேரத்தில் உருவற்ற மண்ணுலகும் ஆழமும் இருளும் அங்கே இருக்கின்றன. முதலாவதில் கடவுள் சூனியத்திலிருந்து உண்டாக்குகிறார். இரண்டாவதை, கலைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்துகிறார் என்றும் வாசிக்க இடமிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் யாரும் ஏமாற்றவில்லை. எபிரேய மூலத்தின் முதல் சொல்லே இரண்டு விதமாகவும் வாசிக்க இடம் தருவது. பதினோராம் நூற்றாண்டிலேயே பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி, அதை முடியாத வாக்கியமாகத்தான் படித்தார். முற்றா, எச்சத்தொடரா என்ற ஒரு சின்ன இலக்கணக் கேள்விக்குள் ஒரு மொத்த இறையியல் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது இன்னும் நம்முடைய கதை. இரண்டாம் வசனத்தில் நீரின் மேல் அசைவது எது? எபிரேயச் சொல்லான 'ரூவாக்' காற்று, மூச்சு, ஆவி என்று எல்லாவற்றுக்கும் ஆகும். எழுதியவர் எதையும் தேர்ந்தெடுக்கத் தேவையிருக்கவில்லை. தமிழில் தப்பிக்க முடியாது. வினைமுற்று வந்ததும் திணை சொல்லியாக வேண்டும். பழையதில் 'ஆவியானவர்', அதனால் வினையும் உயர்திணை. திரித்துவத்தின் மூன்றாம் ஆள் அங்கேயே வந்து நின்றுவிடுகிறார். திருவிவிலியத்தில் 'ஆவி' அஃறிணையில் அசைகிறது. "எழுதியிருக்கிறபடியே நம்புறேன்" என்று சொல்பவர் எந்தத் திணையை நம்புகிறார்? இதை நக்கலாகக் கேட்கவில்லை. எழுத்துப்படி வாசிப்பவரும் ஒரு விளக்கத்தின் தோளில் ஏறி நின்றுதான் வாசிக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது தடயத்துக்கு எபிரேயம் வேண்டாம், இரண்டாவது பைபிளும் வேண்டாம். பழைய மொழிபெயர்ப்பு ஒன்றே போதும். முதல் அதிகாரம் முழுக்க 'தேவன்'. இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனத்திலிருந்து திடீரென்று 'தேவனாகிய கர்த்தர்'. பெயர் மாறும் அதே இடத்தில் கதையும் மாறுகிறது. முன்னதில் செடிகொடி, மிருகம், கடைசியில் ஆணும் பெண்ணும் ஒன்றாக. பின்னதில் முதலில் மனிதன், பிறகு தோட்டம், பிறகு மிருகங்கள், கடைசியில் பெண். முன்னதில் கடவுள் சொல்கிறார், நடக்கிறது. பின்னதில் மண்ணைப் பிசைகிறார், மூச்சு ஊதுகிறார். இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. தைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். முரணை மறைக்க நினைத்திருந்தால் ஒன்றை வெட்டி எறிந்திருப்பார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டார்கள் என்றால், அவர்கள் வேலை நடந்ததைப் பதிவு செய்வதாக மட்டும் இருந்திருக்க முடியாது.

சரி, நாலாம் நாள் சூரியன்? கேள்வி ரொம்பப் பழசு. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞரே இதைக் கேட்டு, சூரியனில்லாத நாட்களை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது அறிவுடைமையாகாது என்றார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன், எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன, ஆறு நாள் என்பது காலக்கணக்கு இல்லை என்று எழுதினார். அதிகாரத்தின் அமைப்பைப் பாருங்கள். முதல் நாள் ஒளி. நாலாம் நாள் ஒளிச்சுடர்கள். இரண்டாம் நாள் வானமும் நீரும். ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் நிலம். ஆறாம் நாள் விலங்கும் மனிதரும். முதல் மூன்று நாள் வீடு கட்டுவது, அடுத்த மூன்று நாள் குடிவைப்பது. சூரியன் தாமதமாக வரவில்லை, அதன் வரிசையில் வருகிறது.

அங்கே சூரியன், சந்திரன் என்ற பெயர்களே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய சுடர், சிறிய சுடர், அவ்வளவுதான். இந்த அதிகாரம் எருசலேம் வீழ்ந்து யூதர்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட காலத்தை, கி.மு. ஆறாம் நூற்றாண்டை, ஒட்டி உருவானது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பாபிலோனில் சூரியன் ஷமாஷ் என்ற தெய்வம், சந்திரன் சின் என்ற தெய்வம். ஜெயித்தவனின் சாமிகளைத் தோற்றவன் பெயர் சொல்லாமல் விளக்கு என்று எழுதுகிறான். அந்த ஊர்ப் படைப்புக் கதையான 'எனூமா எலிஷ்', கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் ரத்தத்திலிருந்து மனிதனை உண்டாக்குகிறது. எதற்கு? தெய்வங்களின் வேலையைச் சுமப்பதற்கு. பக்கத்து நாடுகளில் தெய்வத்தின் சாயல் என்பது அரசனுக்கு உரிய பட்டம். ஆதியாகமத்தின் 27ஆம் வசனம் அந்தப் பட்டத்தை எடுத்து ஆணுக்கும் பெண்ணுக்கும், அதாவது எல்லோருக்கும் கொடுக்கிறது. அந்த அதிகாரம் பந்தயம் கட்டும் இடம் இதுதான் என்பது என் வாசிப்பு.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிரியல் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, முதல் அதிகாரமே பொய்னா மிச்சம் எதுக்கு?" சபையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாதம் அது; பரிணாமத்தை ஒப்புக்கொண்டால் எல்லாமே சரிந்துவிடும் என்று. கல்லூரியிலோ பரிணாமம் இல்லாமல் ஒரு பாடமும் நகராது. "அது சும்மா கவிதை, விடு தம்பி" என்பது சுலபமான பதில். எனக்கு அது பிடிக்கவில்லை. கவிதை என்று சொன்னதும் அது எதையும் வலியுறுத்தாத மாதிரி ஆகிவிடுகிறது. இந்த அதிகாரம் நிறைய வலியுறுத்துகிறது. எதை என்பதில்தான் சிக்கல்.

நம்பகத்தன்மை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகளைப் போட்டுக் குழப்புகிறோம். நூல் மாறாமல் நம் கைக்கு வந்திருக்கிறதா என்பது ஒன்று. 1947இல் கும்ரான் குகைகளில் கிடைக்கத் தொடங்கிய சாக்கடல் சுருள்கள், அதுவரை கையிலிருந்த முழு எபிரேயப் பிரதியைவிடச் சுமார் ஆயிரம் ஆண்டு பழையவை; பாடபேதங்கள் இருந்தாலும் பிரதி எடுத்தவர்களின் கவனத்துக்கு அவை நல்ல சாட்சி. அதில் சொன்னது நடந்ததா என்பது இரண்டாவது. அதற்குச் சுருள்கள் பதில் சொல்லாது; பிழையில்லாமல் நகலெடுத்த கதையும் கதைதான். 1872இல் ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் பாபிலோனியக் களிமண் பலகையொன்றைப் படித்து, நோவா கதைக்கு இணையான வெள்ளக் கதையை அறிவித்த பிறகு, இந்தக் கதைகளை அக்கம்பக்கத்துக் கதைகளோடு சேர்த்தே வாசிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது: இந்த நூல் மனிதரைப் பற்றிச் சொல்வதை நம்பி வாழலாமா? பிரசங்கியார் முதல் கேள்விக்கான சான்றை இரண்டாவதன் கணக்கில் வரவு வைக்கிறார். 1880களில் சென்னையில் 'தத்துவ விவேசினி' நடத்திய இலௌகிக சங்கத்தார் தொடங்கிய நாத்திக மரபு, இந்து சாத்திரத்தையும் கிறிஸ்தவப் பிரசாரத்தையும் ஒரே தராசில் நிறுத்தியது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்த வழியில் இன்று பேசுகிறவர்கள் பலர் இரண்டாம் கேள்வியில் ஜெயித்த கையோடு மூன்றாவதையும் மூடிவிடுகிறார்கள்.

"நம்ம முன்னோர் விசுவாசம்" என்று சொல்லப்படுவதையும் கொஞ்சம் தள்ளிநின்று பார்க்கலாம். ஆறு நாளை ஆறு நாளாகவே எடுத்தவர்கள் முன்பும் உண்டு, லூதரும் அப்படித்தான். ஆனால் அதையே விஞ்ஞானம் என்று நிறுவி, பரிணாமத்துக்கு எதிராக நிறுத்தும் இன்றைய வாதம் பெரிதாகப் பரவியது 1961இல் அமெரிக்காவில் விட்காம், மாரிஸ் என்ற இருவர் எழுதிய 'தி ஜெனிசிஸ் ஃப்ளட்' புத்தகத்துக்குப் பிறகு. தமிழ்க் கிறிஸ்தவத்தில் அதற்கு மூத்த வேறொரு உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், 1774இல் பிறந்தவர், ஜெர்மன் மிஷனரிகளிடம் வானியலும் புவியியலும் கற்றவர். 1800இல் எழுதிய 'பெத்லகேம் குறவஞ்சி'யில், சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கஸின் அமைப்பைக் கொண்டுவந்தார். பூமி சுற்றுகிறது என்பதால் அவருடைய விசுவாசம் ஆட்டம் காணவில்லை. படைப்பைப் பாடுகிறவனுக்குப் புது வானியல் கூடுதல் சரக்கு, அவ்வளவுதான்.

அதே சாஸ்திரியார்தான், மிஷனரிகள் சபைக்குள் சாதி வித்தியாசத்தை ஒழிக்க முயன்றபோது எதிர்த்து எழுதினார். வழிபாட்டில் தனித்தனியாக உட்காருவது உலக வழக்கம், விசுவாசத்தோடு சம்பந்தமில்லை என்பது அவர் பக்கத்து வாதம். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதியை விட்டொழிக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. 'சாயல்' என்ற சொல்லைக் கையில் வைத்திருந்த சபை, யாருக்கு அருகில் யார் முழங்காலிடுவது என்று சண்டை போட்டது.

எனக்கு இது தமிழில் ஆதியாகமத்தின் நம்பகத்தன்மை பற்றிய மிக முக்கியமான ஆவணமாகப் படுகிறது. வானியல் ஒரு பெரும் தமிழ்க் கவிஞரை 16ஆம் வசனத்தில் தடுக்கி விழச் செய்யவில்லை. சாதி அவரை 27ஆம் வசனத்தில் விழச் செய்தது. இன்றைக்கும் சண்டை 16இல்தான் நடக்கிறது, ஏனென்றால் அங்கே சண்டை போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பூமியின் வயது ஆறாயிரம் வருடமா, 450 கோடி வருடமா என்று இரவு முழுக்கப் பேசலாம்; யாருடைய நாற்காலியும் நகராது. 27ஆம் வசனம் உண்மையா என்று கேட்டால், தமிழ்நாட்டில் சுவர் வைத்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்களைப் பற்றிப் பேச வேண்டிவரும். சபையில் பெண் எங்கே நிற்கலாம் என்று பேச வேண்டிவரும். கல்யாணத்துக்கு வரன் தேடும்போது 'கிறிஸ்தவர்' என்பதற்குப் பக்கத்தில் என்ன சாதி எழுதுகிறோம் என்றும்.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: பரிணாமத்தைப் படி, பரீட்சையை ஒழுங்காக எழுது. முதல் அதிகாரம் அதற்குக் குறுக்கே வராது, அதன் கவலை வேறு. அந்த அதிகாரத்தைச் சோதிக்க வேண்டுமென்றால், டெலஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போகாதே. உன் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் எத்தனை வாசல் இருக்கிறது என்று எண்ணிப் பார்.