குளித்தவன் பெயர் எங்கே?

நம்மவர் கடல் வரலாறு எழுதப் புகுந்தால் முதற் பக்கத்திலேயே ஒரு சொல்லாராய்ச்சி வந்து நிற்கும். 'மரக்கலராயர்' என்பதே 'மரைக்காயர்' ஆயிற்று என்பார் ஒருவர். அன்று, கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லே மூலம் என்பார் மற்றொருவர். பின்னர்க் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் கொடைச் சிறப்பு. அதன்பின் குஞ்ஞாலி மரைக்காயர்களின் வீரம். யாவும் பெருமைக்குரியனவே. ஆயினும் கட்டுரை முடியும்வரை ஒருவனும் கடலில் நனைவதில்லை!

கடலில்லாச் சிவகாசியிலிருந்து எழுதும் நமக்கு இக்குறை எளிதிற் புலனாகிறது. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டதை இவ்வூர்ச் சிறுவனும் சொல்வான். போற்றத்தக்க வரலாறுதான். ஆனால் குச்சி அடுக்கியவர், பெட்டி ஒட்டியவர், வெடிக்கு மருந்து செலுத்தியவர் எவர் என்று வினவினால் விடை இல்லை. கடற்கரையிலும் இதே கதைதான்.

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்தை எண்ணிப் பாருங்கள். கல்லின் கனத்தால் கீழிறங்கி, மூச்சடக்கிச் சிப்பி வாரியவர்கள் பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும். 1530-களில் இவ்விரு சாராரிடையே மூண்ட பகையும், பரதவர் போர்த்துக்கீசியர் துணை நாடிக் கிறிஸ்தவம் தழுவியதும் ஏடுகளில் விரிவாக உண்டு. அதன் பின்னரும், 1961-இல் தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்த நாள்வரை, இரு சாராரும் அதே முத்துப் பார்களில் குளித்தனரே. அதை நம்மவருள் இலக்கியமாக்கியவர் யார்?

பரதவருக்கு அத்தகைய எழுத்து வாய்த்தது. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) கட்டுமரத்தின் மேலிருந்தே கடலைக் காட்டுகிறது. காற்றையும் நீரோட்டத்தையும் மீனையும் அம்மக்களின் வாய்ச்சொல்லாலேயே பேசுகிறது. சங்கப் பாடல்கள் அறிந்த தொல்குடி என்ற பழம்பெருமையில் அவர் நின்றுவிடவில்லை. தம்மவரின் சண்டையையும் சறுக்கலையும் ஒளிக்காமல் எழுதினார். 2013-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'கொற்கை' அளவிற் பெரிது. ஆனால் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்நூலில் மாந்தர் துறைமுகப் பயணிகளைப்போல் வந்து வந்து மறைகின்றனர். முன்னதையே நாம் மேலாக மதிக்கிறோம்.

நம்மிடையே மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரான், 1988-இல் நூலாக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் வாயிலைத் திறந்துவைத்தார். அதில் ஊர் முதலாளிக்குப் பணியாது நிற்பவன் சுறாப்பீலி விற்கும் எளியவன். எனினும் அந்நாவலின் களம் கரைதான். பள்ளிவாசலும் தெருவும் வீட்டு முற்றமும். அலைமேற் செல்வது அவர் மேற்கொண்ட வேலையன்று. அவ்வேலை இன்னும் அப்படியே கிடக்கிறது.

1961-இல் இருபது வயதில் குளித்தவர் எவரேனும் இருப்பின் இன்று எண்பதைக் கடந்திருப்பார். மரைக்காயர் என்னும் சொல்லின் மூலத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அப்பெரியவரிடம் கல் எத்தனை கனம், கயிறு பிடித்தவர் யார், கரையேறியபின் கைக்கு எவ்வளவு வந்தது என்று இப்போதே கேட்டு எழுதியாக வேண்டும்.