பக்கம் புரளும் இடம்

எட்டுத் தாள்களை அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பின்மேல் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் 32 பக்கம் கிடைத்துவிடும். குழந்தைகளுக்கான படப் புத்தகம் முதலில் இந்த உருவத்தில்தான் பிறக்கிறது. பென்சிலில் அவசரமாகப் போட்ட படங்கள், ஓரத்தில் கையெழுத்தில் இரண்டு வரி, அடித்துத் திருத்திய இடங்கள். பதிப்பகத்திலும் அச்சகத்திலும் இதை டம்மி என்பார்கள். சிறார் நூல் எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் உலகத்தில் எங்கே மாநாடு கூடினாலும் பலருடைய பையிலும் இப்படி ஒரு டம்மி இருக்கும். மற்ற எழுத்தாளர் மாநாடுகளில் பேச்சைக் கேட்டுவிட்டு வரலாம். இவர்களுடைய மாநாட்டில் கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் புரட்டலில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது என்பது என் கட்சி.

32 என்பது அச்சு இயந்திரம் போட்ட கணக்கு. பெரிய தாளின் இருபுறமும் அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் 16இன் மடங்கில் வரும். நம் அச்சகக்காரர்கள் பாஷையில் சொன்னால் இரண்டு ஃபாரம். தலைப்புக்கும் பதிப்புரிமைக்கும் சமர்ப்பணத்துக்கும் கொடுத்ததுபோக, கதைக்கு மிஞ்சுவது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று விரிப்புகள். இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்து கண்முன் விரிகிற அந்த அகலத்தைத்தான் விரிப்பு என்கிறேன். நேரிசை வெண்பாவுக்கு நாலடி எப்படியோ, படப் புத்தகக்காரருக்கு இந்தப் பதின்மூன்று விரிப்பு அப்படி. அதற்குள் ஒரு உலகத்தைத் தொடங்கி, ஏற்றி, இறக்கி, முடித்தாக வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் அடுத்த விரிப்புக்கும் நடுவே ஒரு தாளின் கனம் இருக்கிறது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளக் குழந்தைதான் கையை நீட்டித் திருப்ப வேண்டும்.

பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோஸீஸ் வாக்’ புத்தகத்தைப் பாருங்கள். ரோஸி என்ற கோழி பண்ணையைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு, சாப்பாட்டு வேளைக்குக் கூடு திரும்புகிறது. எழுத்து மொத்தமும் ஒரே வாக்கியம், 32 சொற்கள். படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டால் ஒன்றுமே நடக்காத கதை. ஆனால் படத்தில் கோழிக்குப் பின்னால் ஒரு நரி வருகிறது. எழுத்தில் நரி என்ற பேச்சே கிடையாது, தொடக்கத்திலிருந்து கடைசிவரை. ஒரு விரிப்பில் நரி பாய்கிறது. பக்கத்தைத் திருப்பினால், பல் வைத்த வாரியின்மேல் விழுந்து, அதன் கம்பு எழும்பி நரியின் முகத்தில் அறைகிறது. அடுத்த தடவை குளத்தில் விழுகிறது. அதற்கடுத்து வைக்கோல் போரில் புதைகிறது. இப்படி மாட்டிக்கொள்ளும் விரிப்புகளில் ஒரு சொல்கூட இல்லை. ஹட்சின்ஸ் அங்கே வாயை மூடிக்கொள்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது மாவு மில் வரும் இடம். கோழியின் காலில் ஒரு கயிறு மாட்டிக்கொண்டிருக்கிறது. அது நடக்க நடக்கக் கயிறு இழுபட்டு, மேலே தொங்கும் மாவு மூட்டை நரியின் தலையில் கொட்டுகிறது. கயிறு மாட்டியதைக் கோழி கவனிக்கவில்லை, எழுத்தும் கவனிக்கவில்லை. படம் பார்க்கும் குழந்தைதான் கவனிக்கிறது. படிக்கத் தெரிந்த பெரியவர் வரியை வாசித்துக்கொண்டு போக, எழுத்தே தெரியாத குழந்தை “நரி! நரி!” என்று கத்துகிறது. பெரியவரைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற பெருமையைக் குழந்தைக்கு இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு நேர்மையாகவும் கொடுக்கிற கலை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

டம்மியின் பெருமையைச் சொல்ல மாரிஸ் செண்டாக்கைவிட நல்ல சாட்சி இல்லை. 1963இல் வந்த ‘வேர் தி வைல்டு திங்ஸ் ஆர்’ புத்தகத்துக்கு 1955லேயே அவர் ஒரு டம்மி செய்து பார்த்திருக்கிறார். விரல் அகல உயரத்தில் நீளவாட்டாகச் செய்த குட்டிப் புத்தகம் அது. அப்போது கதையில் இருந்தவை குதிரைகள். அது நகராமல் வருஷக்கணக்காகக் கிடந்தது. குதிரை சரியாக வரைய வரவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். குதிரைகள் போய், கொம்பும் நகமும் மஞ்சள் கண்ணுமாக அந்தப் பூதங்கள் வந்தன.

கடைசியில் வந்த புத்தகத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள். மாக்ஸ் என்ற பையன் வீட்டில் அட்டகாசம் செய்து, சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்படுகிறான். முதல் படம் சிறியது, சுற்றிலும் வெள்ளை. பக்கம் புரளப் புரளப் படம் வளர்கிறது. அறைக்குள் காடு முளைக்கும்போது வலப்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. பிறகு மடிப்பைத் தாண்டி இடப்பக்கத்தில் நுழைந்து எழுத்தைக் கீழே தள்ளுகிறது. பூதங்களோடு அவன் ஆட்டம் போடும் மூன்று விரிப்புகளில் எழுத்துக்கே இடமில்லை. கோபம் தணிந்து வீட்டு நினைப்பு வந்ததும் படம் மெல்லப் பின்வாங்குகிறது. ஆனால் கடைசியில் தன் அறைக்குத் திரும்பி நிற்கும் படம், புறப்பட்டபோது இருந்ததுபோல் வெள்ளை ஓரத்துக்குள் ஒடுங்கவில்லை, வலப்பக்கம் முழுக்க நிறைந்திருக்கிறது. போகும்போது ஜன்னலில் பிறையாக இருந்த நிலா இப்போது முழு நிலா. அவன் பழைய அறைக்கு வந்துவிட்டான், ஆனால் பழைய பையன் இல்லை என்பதை ஒரு சொல்லும் செலவழிக்காமல் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் இன்னும் ஒரு தடவை பக்கத்தைத் திருப்ப வேண்டும். அங்கே படமே இல்லை, சில சொற்கள் மட்டும். மொத்த எழுத்தும் நானூறு சொல்லுக்குள் அடக்கம். இப்படிப்பட்ட அளவும் ஏற்ற இறக்கமும் வெறும் கைப்பிரதியில் தெரியாது. மடித்து, தைத்து, புரட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இனி மாநாட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஸ்டீபன் மூசர், லின் ஆலிவர் என்ற இரண்டு இளம் எழுத்தாளர்கள் 1971இல் லாஸ் ஏஞ்சலிஸில் சிறார் நூல் எழுத்தாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கு எழுதும் வேலை கிடைத்தது, அதைக் கற்றுக்கொடுக்க ஒரு அமைப்பும் இல்லை, அதனால் தாங்களே தொடங்கினார்கள். அடுத்த வருஷமே முதல் மாநாடு. ஆரம்பத்தில் சங்கத்தின் பெயரில் எழுத்தாளர் மட்டும்தான் இருந்தார். ஓவியர் பிற்பாடுதான் பெயருக்குள் வந்தார். இன்று 20,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், இந்தியாவையும் சேர்த்துப் பல நாடுகளில் கிளைகள். பல ஆண்டுகளாகக் கோடையில் லாஸ் ஏஞ்சலிஸிலும் குளிர்காலத்தில் நியூயார்க்கிலும் பெரிய மாநாடுகள் நடத்திவந்திருக்கிறார்கள்.

இந்த மாநாட்டின் அருமை புரிய அங்குள்ள பதிப்பு வழக்கம் தெரிய வேண்டும். எழுத்தாளர் கதையைக் கொடுப்பார், எடிட்டர் அதை வாங்கி, தானே ஓவியரைத் தேர்ந்தெடுப்பார். எழுதியவரும் வரைகிறவரும் பெரும்பாலும் நேரில் பேசிக்கொள்வதே இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் எடிட்டர் வழியாக, ஆர்ட் டைரக்டர் வழியாகப் போகும். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும், ஆனால் காரணம் நியாயமானது. எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து “இங்கே மரத்தை வையுங்கள், அங்கே மாட்டை வையுங்கள்” என்று சொல்ல ஆரம்பித்தால் ஓவியர் அதற்கு உரை எழுதுகிறவராகத்தான் இருப்பார். ரோஸியின் பின்னால் வந்ததுபோல் ஒரு நரியைக் கொண்டுவருகிற துணிச்சல் அவருக்கு வராது. அப்படி விலக்கி வைக்கப்பட்ட இருவரும் ஒரே கூடத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து ஒருவர் தொழிலை ஒருவர் கேட்கிற இடம் இந்த மாநாடு.

அங்கே எனக்கு வேண்டியது பெரிய மேடைப் பேச்சல்ல. நீள மேஜைகளில் ஓவியர்கள் தங்கள் போர்ட்ஃபோலியோவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வரைந்தவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாது. பக்கத்தில் அவருடைய தபால் அட்டைகள் சில இருக்கும், பிடித்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆர்ட் டைரக்டர்களும் எடிட்டர்களும் மேஜை மேஜையாக நடந்து புரட்டுகிறார்கள். ஒரு முகத்தை அழகாக வரைவது அங்கே பெரிய விஷயமில்லை. அதே முகத்தை அழும்போதும் ஓடும்போதும் முதுகுப்புறத்திலிருந்தும் பார்த்தால் அதே குழந்தை என்று தெரிய வேண்டும். 32 பக்கத்துக்கும் ஒரே ஆளாக அவள் இருக்க வேண்டும். தேர்ந்த கண் முதலில் தேடுவது அதைத்தான்.

எழுத்தாளர்களுக்கு இன்னொரு சோதனை. பெயர் போடாமல் கொடுத்த முதல் பக்கத்தை உரக்க வாசிப்பார்கள். கேட்கிற எடிட்டர் எந்த இடத்தில் ஆர்வம் எழுந்தது, எங்கே அறுந்தது என்று அப்போதே சொல்வார். இந்தப் பட்டறைகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கிற பாடம் வெட்டுவது. சிறுமி சிவப்புச் சட்டை போட்டிருக்கிறாள் என்று எழுத வேண்டாம், சட்டையைச் சிவப்பாக்க ஓவியர் இருக்கிறார். அவளுடைய மூக்கு, வீட்டுக் கூரை, வானத்தின் நிறம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். படம் காட்ட முடியாதது மட்டும் எழுத்தில் மிஞ்சட்டும்: ஓசை, மணம், ஒரு பெயர், மனசுக்குள் ஓடுவது. வர்ணனையில் ஊறிய நம் போன்றவர்களுக்கு இது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அப்படி வெட்டிய எழுத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், எலும்பு எவ்வளவு உறுதி என்று தெரியும்.

ஓவியருக்குப் பெரிய மரியாதை கிடைக்கிற இன்னொரு இடம் இத்தாலியின் போலோன்யா நகரம். அங்கே 1964 முதல் சிறார் புத்தகச் சந்தை நடக்கிறது, 1967 முதல் அதோடு ஓவியர் கண்காட்சியும் சேர்ந்துகொண்டது. கண்காட்சிக்கு அனுப்ப ஐந்து படங்கள் வரைய வேண்டும், ஐந்தும் ஒன்றோடொன்று பேச வேண்டும். வாசலருகே ஒரு பெரிய சுவரை ஓவியர்களுக்கே விட்டுவிடுகிறார்கள். வேலை தேடி வந்த இளைஞர்கள் தங்கள் படங்களை அதில் ஒட்ட ஒட்ட, சுவரே தெரியாமல் போகிறது.

அந்தப் போலோன்யாவில் 2008இல் பரிசு பெற்ற புத்தகம் ஒன்று நம் சென்னையில் செய்யப்பட்டது. கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் மரங்களை வரைந்திருக்கிறார்கள். தாள் கருப்பு. பகலெல்லாம் நிழலும் கனியும் கொடுத்து உழைத்த மரம் இரவில்தான் தன் சொரூபத்தைக் காட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் கருப்புத் தாளே இரவாகிவிடுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன். ஒரு நிறத்தைக் கையால் அழுத்தி அச்சிட்டு, உலரவிட்டு, அதன்மேல் அடுத்த நிறம். பக்கத்தை விரலால் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும், கண்ணை மூடிக்கொண்டே கிளையைப் பின்தொடரலாம். புத்தகத்தைத் திறந்ததும் மை வாசனை வருகிறது. ஒவ்வொரு பிரதியிலும் அதன் எண் இருக்கிறது. சுவரிலும் தரையிலும் வாழ்ந்த ஒரு ஓவிய மரபு புத்தகத்துக்குள் வரும்போது சுருங்கிப்போகும் என்று பயப்படுவோம். இங்கே அப்படி ஆகவில்லை, ஏனென்றால் செய்தவர்கள் தாளையும் மையையும் கதையின் பாத்திரங்களாகவே நடத்தினார்கள்.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. அழ. வள்ளியப்பா 1950இலேயே குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். மேற்சொன்ன அமெரிக்கச் சங்கத்துக்கு 21 ஆண்டு மூத்தது அது. வங்கி வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதி, பத்திரிகை நடத்தி, குழந்தைகளுக்கு எழுதுவதைத் தொழிலாகவும் கடமையாகவும் நினைத்த ஒரு தலைமுறையை அவர் திரட்டினார். இன்று தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர் சங்கம் கலைஞரைப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டிருக்கிறது. சென்னையின் தூலிகா பதிப்பகம், ஒரே படப் புத்தகத்தைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கொண்டுவருகிறது. எழுதக்கூடியவர்கள், வரையக்கூடியவர்கள், அச்சிடக்கூடியவர்கள் மூவரும் நம்மிடம் இருக்கிறார்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நம் சிறார் நூல்களில் பல, கதை எழுதி முடிந்து பக்கம் வடிவமைத்த பிறகு, காலியாகக் கிடக்கும் இடத்தில் படம் போடப்பட்டவை. அப்படி வந்த படம் எழுத்து சொன்னதையே திருப்பிச் சொல்லும், நரியைக் கொண்டுவராது. அட்டையில் எழுத்தாளர் பெயர் பெரிதாக இருக்கும், ஓவியர் பெயரை உள்ளே பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கும். சில புத்தகங்களில் அதுவும் கிடைக்காது.

ஆகவே தமிழ்ச் சிறார் எழுத்துக்காகக் கூடுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த கூட்டத்தில் வாழ்த்துரைகளில் இரண்டைக் குறைத்துக்கொண்டு ஒரு நீள மேஜை போடுங்கள். எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் ஆளுக்கொரு டம்மி கொண்டுவந்து அதில் வைக்கட்டும், வந்தவர்கள் எல்லாரும் புரட்டட்டும். பதிப்பாளர்கள் ஓவியரின் பெயரை எழுத்தாளர் பெயருக்குச் சமமாக அட்டையில் போடட்டும். புத்தகம் வாங்கும் பெற்றோரும் கடையில் பின்னட்டையை வாசித்துவிட்டு முடிவு செய்யாமல், நின்று முழுசாக ஒரு தடவை புரட்டிப் பார்த்து வாங்குங்கள். 32 பக்கம்தான், ஐந்து நிமிஷம் போதும்.