விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கே நிதியா?

ஊர்ப்பணி செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் அறக்கட்டளையிடம் நிதி கேட்டு விண்ணப்பிப்பதைக் கையேந்துவதாக நினைப்பவர்கள் உண்டு. அது தவறான பார்வை. மாலைநேரப் படிப்பு மையம் நடத்துபவர்கள், பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறார்கள், ஓராண்டில் என்ன மாற்றம் தெரிய வேண்டும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று எழுத உட்காரும்போதுதான் நல்லெண்ணம் திட்டமாக உருப்பெறுகிறது. வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொல்லும் பழக்கமும் கூடவே வளர்கிறது. ஆனால் யாருக்குப் பணம் தருவது என்பதற்கும் அந்த விண்ணப்பமே ஒரே அளவுகோல் ஆகும்போது கோணல் தொடங்குகிறது. ஊரில் நடக்கும் வேலையை விட்டுவிட்டு, அதை விவரிக்கும் எழுத்துக்கு மதிப்பெண் போடுகிறோம்.

இந்தியாவில் பணம் இல்லாமல் இல்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வரம்பைத் தொட்ட நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தைப் பெற 12ஏ, 80ஜி என்று அறியப்பட்ட வருமான வரிச் சலுகைப் பதிவுகள், 3 ஆண்டு அனுபவம், 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் ஆகியவை தேவை. தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. எல்லாம் சேரும்போது சிறிய அமைப்புக்குக் கதவு குறுகிவிடுகிறது. முன்பு வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பித்துப் பெற்ற பெரிய தொண்டு நிறுவனங்கள், அதில் ஒரு பங்கைச் சிற்றூர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் அந்த வழியையும் அடைத்துவிட்டது.

நிர்வாகச் செலவில் இந்தக் கோணல் இன்னும் தெளிவாகத் தெரியும். அதே திருத்தம், வெளிநாட்டு நிதியில் நிர்வாகத்துக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கியது. படிப்பு மையத்தின் பட்ஜெட்டில் நோட்டுப் புத்தகத்துக்கும் பயிற்சி முகாமுக்கும் எளிதாக இடம் கிடைக்கும். வாடகை, மின்கட்டணம், கணக்கர் சம்பளம் என்றால் பேனா தயங்கும். ஆனால் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை அறிக்கையும் தவணை தவறாமல் வர வேண்டும். கணக்கர் இல்லாத இடத்தில், வகுப்பு முடித்த ஆசிரியரே இரவில் ரசீதுகளை அடுக்க வேண்டியிருக்கும். கொடுப்பவர் குறைவாக எதிர்பார்க்க, பெறுபவர் குறைத்துக் காட்ட, அந்தக் குறைந்த கணக்கே அடுத்த ஆண்டின் அளவாகிவிடும் இந்த நிலையை, 2009இல் ஆன் காகின்ஸ் கிரிகரியும் டான் ஹோவர்டும் ‘பட்டினிச் சுழற்சி’ என்றார்கள்.

விண்ணப்பத்தை எடுத்துவிட்டால் சிபாரிசுதானே ஆளும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யாரையும் தெரியாத அமைப்புக்குக் கதவைத் தட்ட இருக்கும் வழி விண்ணப்பம்தான். 2020 முதல் பெருந்தொகைகளை நிபந்தனையின்றி வழங்கிய அமெரிக்காவின் மெக்கன்ஸி ஸ்காட், தொடக்கத்தில் தம் குழுவே தேடித் தேர்ந்த அமைப்புகளுக்குக் கொடுத்தார். 2023இல் அவரும் திறந்த அழைப்பு விட்டார். ஆகவே விண்ணப்பம் இருக்கட்டும், அதன் எடை குறையட்டும். முதலில் இரண்டு பக்கம் போதும். அடுத்து நேரில் பார்ப்பதும் கணக்கேடுகளைப் புரட்டுவதும் நடக்கட்டும். விரிவான திட்ட அறிக்கையைத் தேறியவர்களிடம் மட்டும் கேட்கலாம். முறைகேட்டை மறைக்க அழகான அறிக்கையால் முடியும். திடீரென்று வந்து நிற்கும் ஆளிடம் அது எளிதல்ல.

நிதி வழங்கும் அறக்கட்டளைகளிடம் கேட்பது இவ்வளவுதான்: தமிழ்நாட்டு ஊர்ப்பணிக்கான விண்ணப்பத்தைத் தமிழிலும் வாங்குங்கள். கணக்கரின் சம்பளத்துக்குப் பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள். முடிவெடுக்கும் முன் ஒரு மாலை அந்த மையத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.