மண்குதிரையும் விறகும்

மரம் அழிவதைச் சுடுமண்ணில் சிற்பமாக்குவது காட்சிக்கூடங்களில் வழக்கமாகிவிட்டது. பட்டுப்போன அடிமரம், வெடித்த பட்டை, காலியான கூடு. பார்க்கிறவன் வருந்திவிட்டு வெளியேறுகிறான். சூளையில் எரிந்த விறகைப் பற்றிச் சிற்பம் வாய் திறப்பதில்லை.

விருதுநகர்ப் பக்கத்து அய்யனார் குதிரைகளை இவற்றின் எதிரே நிறுத்திப் பார்க்கலாம். கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து, கால்களை உருளைகளாக எழுப்பி, உடலைக் கூடாக விட்டு, ஆவி போகத் துளைவைத்து, விறகிலும் வறட்டியிலும் சுடுகிறார் வேளார். குதிரை நிற்பது கோயில்காட்டில். அங்கே சுள்ளி ஒடிக்கவும் பயம். ஆக, ஒரு காட்டைக் காக்க வேறெங்கோ மரம் எரிகிறது. சூளை ஊரறியப் புகைவதால் இந்த முரண் யாருக்கும் மறைவில்லை. உடைந்த குதிரையை ஒட்டவைப்பதும் இல்லை. புரவியெடுப்புக்குப் புதிது வரும். டில்லி கைவினை அருங்காட்சியகத்துக் குதிரைக்கு இந்தச் சாவு கிடையாது. அது வெறும் சிற்பம்.

இன்று காடு சுருங்கிய இடங்களில் குதிரை சிமெண்டாகி, பெயிண்ட் பூசி, வெயிலில் நிற்கிறது. விறகென்று மலிவாய்க் கிடைப்பது சீமைக்கருவேலம். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன மரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் சாம்பல்நிற அணிலுக்குச் சரணாலயம், 2021இல் புலிகள் காப்பகம். அய்யனார் பயத்தால் செய்ததை அரசு ஆணையால் செய்யப் பார்க்கிறது.

பயம் போன இடத்தில் கலைஞன் என்ன செய்வது? புதுச்சேரியில் மண்வீட்டையே சூளையாக்கி, உள்ளே செங்கல் அடுக்கிச் சுட்டுப்பார்த்த ரே மீக்கர், எரிபொருளையும் வடிவத்தையும் ஒரே கேள்வியாகக் கேட்டவர். நம் மரச்சிற்பிகள் அந்தக் கேள்விக்கு இன்னும் வரவில்லை. வருத்தத்தை வனைவது சுலபம். விறகுக்குக் கணக்குச் சொல்வது சிரமம்.